வாத்துக் கால் வளையங்கள்

ஆரணி,
8.1.1997

மதிப்பிற்குரிய ஐயா,

என் பெயரை எழுதாததற்கு மன்னிக்கவும். பெண்கள் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து எழுதுகிறேன். குழிக்குள் வைத்த விளக்கு வெளியே தெரியாது.

உங்கள் விலாசம் ஒரு வாத்தின் கால் வளையத்தில் இருந்தது. ஓர் எண், அதன் கீழே தபால் பெட்டி, பழவேற்காடு. எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்தில் 'இன்ஃபார்ம்'. அகராதியில் பார்த்தேன். 'தெரிவி' என்று கட்டளையாக இருக்கிறது. தெரிவிக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்படி நாற்பத்து மூன்று வளையங்கள் இருக்கின்றன.

அப்பா பட்டுச்சேலை நெய்கிறார். கரையின் சரிகை இழைகள் தளராமல் இருக்க, தறியின் பின்பக்கம் அவற்றில் சின்னப் பாரம் கட்டித் தொங்கவிட வேண்டும். பாரம் அதிகமானால் இழை அறுந்துவிடும். மற்ற வீடுகளில் ஆணி, நட்டு, உடைந்த பித்தான் என்று எதையாவது கட்டுவார்கள். அப்பா இந்த வளையங்களைக் கட்டியிருக்கிறார். "இதுக்குன்னே செஞ்ச மாதிரி கீது பாரு" என்பார்.

மழை மாதங்களில் நூல் ஈரம் கோத்துக்கொண்டு தறி ஓடாது. அப்போது அப்பாவும் என் தாய்மாமா துரைக்கண்ணுவும் ஏரிக்கு வலை கொண்டுபோய் வாத்து பிடித்து, போளூர் சந்தையில் விற்பார்கள். வளையம் யாரோ வளர்ப்புக்காரர் போட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவள் நான் மட்டும்தான்.

இத்தனை வருடம் தெரிவிக்காமல் இருந்தது குற்றமா? குற்றம் என்றால் யாரைப் பிடிப்பார்கள்?

பதில் போடுவதானால் என் தோழி ஆதிலட்சுமி பெயருக்குப் போடுங்கள். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு மாணவி


பழவேற்காடு,
17.1.1997
காலை. வாடைக்காற்று. ஏரியில் பறவை குறைவு.

பெயர் எழுதாத மாணவிக்கு,

முதலில் உன் பயத்துக்குப் பதில். வளையத்தைப் பற்றித் தெரிவிக்காதது குற்றமில்லை. அந்தச் சொல்லைப் பொறிக்கச் சொன்னவன் நான்தான். 'தயவுசெய்து' என்பதற்கு வளையத்தில் இடம் போதவில்லை.

நாற்பத்து மூன்று என்று நீ எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். பத்தொன்பது வருடமாக இந்தக் கரையில் வாத்துகளைப் பிடித்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டிப் பறக்க விடுகிறேன். பதினோராயிரத்துச் சொச்சம் பறவைகள். பிறகு காத்திருக்கிறேன். எங்கோ ஒருவர் வளையத்தைப் பார்த்து எழுதினால்தான் பறவை எங்கே போனது என்று தெரியும். இதுவரை வந்த கடிதங்கள் பதினான்கு. பதினான்கு கடிதத்துக்கு ஒரு பறவை நிலையம் எதற்கு என்று தலைமை அலுவலகம் கேட்கிறது. மார்ச்சில் மூடிவிட உத்தேசம். எனக்கும் அடுத்த வருடம் ஓய்வு.

நான் உன் பக்கத்துக்காரன். சேத்துப்பட்டை ஒட்டிய கிராமம், ஜைனக் குடும்பம். இருபத்திரண்டு வயதில் ஓர் அருங்காட்சியக வேலைக்காகப் பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைக்கக் கற்றுக்கொண்டேன். அது தெரிந்த நாளிலிருந்து என் தந்தை என்னோடு ஒரே பந்தியில் உட்காரவில்லை. கொல்லாமலும் பறவையைப் படிக்கலாம் என்று அவருக்குக் காட்டத்தான் இந்த வளைய வேலைக்கு வந்தேன். காட்டுவதற்குள் போய்விட்டார். இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

எல்லா எண்களையும் எழுதி அனுப்புவாயா? எந்த ஏரி, எந்த மாதம் என்பதும் வேண்டும். அது இல்லாமல் எண் வெறும் எண். நீ சொல்வது எதுவும் இந்த மேசையைத் தாண்டாது.

ஞானசந்திரன்


ஆரணி,
27.1.1997

ஐயா,

என் பெயர் ரேணுகாம்பாள். நீங்கள் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதால் நானும் பெயரை எழுதுகிறேன்.

எண்கள் தனித்தாளில் இருக்கின்றன. அப்பா வளையங்களைக் கிடைத்த வரிசையிலேயே கட்டியிருக்கிறார். வலது ஓரத்தில் பழசு, இடது ஓரத்தில் போன மாதத்தது. மாதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் சிரமப்பட்டேன். பள்ளி விட்டு வந்ததும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவை நான்தான் தள்ளுவேன். அப்போது பேச்சுக் கொடுத்தேன்.

"இந்த மொத வளையம் எப்பப்பா கெடச்சுது?"

"நீ ரெண்டாவது படிக்கசொல்ல. தீபாவளி முடிஞ்சி நாலாம் நாளு. ஊசிவால் வாத்து. வலைய கிழிச்சினு பூட்டுது. உன் மாமன்தான் தண்ணில பாஞ்சி புட்சான்."

"மாமாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"எங்க தெரியும்? உழுந்தான். வாத்து மேலயே உழுந்தான்."

அப்பா சிரித்த சிரிப்பில் நாடா தடம் மாறிவிட்டது. அதை எடுத்துச் சரி செய்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இதெல்லாம் கேட்டுகினு கீற? பரிச்சையில வருதா?"

"சும்மாதான்பா."

"சும்மா கேக்கறவ நோட்டு வெச்சிகினா கேப்பா?"

வீட்டுப்பாடம் என்று சொல்லி நோட்டை மூடிவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவரே நிறுத்தவில்லை. கிளுவை வாத்துக் கூட்டம் எந்த ஏரியில் எந்தக் கரையில் இறங்கும், பனி அதிகமானால் எந்த ஏரிக்குத் தள்ளிப் போகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதையும் எழுதியிருக்கிறேன். முக்கால்வாசி வளையங்கள் சந்தவாசல் போகிற வழியில் உள்ள ஏரியில் கிடைத்தவை. அதன் பெயரை உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். வேறு எந்தத் தாளிலும் அது ஏறக் கூடாது ஐயா. அப்பா எதற்காகவும் யாரிடமும் கைகட்டி நின்றவர் இல்லை.

ரேணுகாம்பாள்


பழவேற்காடு,
10.2.1997

ரேணுகாம்பாளுக்கு,

உன் வரிசையில் ஒன்பதாவது வளையம், என் மனைவியைத் தகனம் செய்துவிட்டு வந்த மறுநாள் நான் மாட்டியது. அன்று வேலை செய்யாமல் உட்கார முடியவில்லை. அந்தக் கிளுவை ஒவ்வொரு கோடைக்கும் வடக்கே போய்த் திரும்பி, மூன்றாம் வருடம் உங்கள் ஏரியில் இறங்கியிருக்கிறது. அது உயிரோடு சுற்றிய மூன்று வருடமும் எனக்குத் தெரியாது.

இந்த வாத்துகள் குளிர்காலம் முழுதும் எங்கள் உப்பு ஏரியிலேயே இருக்கும் என்றுதான் எல்லோரும் எழுதிவந்தோம். நானும் எழுதினேன். தவறு. மழை நிரம்பியதும் நூற்று நாற்பது கிலோமீட்டர் உள்ளே வந்து உங்கள் பக்கத்து ஏரிகளில் இறங்குகின்றன. உன் அப்பா சொன்ன மாதங்கள் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது. கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டேன். நிலையத்தை மூடும் பேச்சு நின்றிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். வளையப் படிவத்தில் ஊர், ஏரி, வளையம் இருந்த இடம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. அவற்றைக் காலியாக விட்டால் தகவல் செல்லாது. அதனால் எழுதினேன். உன் பெயர் இல்லை, அப்பா பெயர் இல்லை. 'நெசவாளர் ஒருவர் தறியில்' என்று மட்டும். படிவங்கள் எங்கள் அலமாரியில்தான் இருக்கும்.

ஞானசந்திரன்


ஆரணி,
5.3.1997

சார்,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வனத்துறை ஜீப் வந்தது.

"வாத்து விக்கற தணிகாசலம் நீதானே? தறியில வளையம் கட்டி வெச்சிகினு கீறியாமே. எங்க, காட்டு."

தறியின் பின்பக்கம் போய்ப் பார்க்காதவர்களுக்கு அது தெரியாது சார். தெருவில் யாருக்கும் தெரியாது.

முக்கால் சேலை முடிந்திருந்தது. வளையங்களை அவிழ்க்கத் தெரியாமல் சரிகையோடு சேர்த்து அறுத்தார்கள். "நான் அவுத்துக் குடுக்கறேன் சார், இழை சார், இழை" என்று அப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அறுத்த பக்கம் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் சுருங்கிப் போய்விட்டது. அப்பாவை இரண்டு நாள் வைத்திருந்து அபராதம் போட்டு அனுப்பினார்கள். முதலாளி பாவு நூலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா, மாமாதான் காட்டிக்கொடுத்தார் என்கிறார். வலையைத் தனக்குத் தரச் சொல்லி பொங்கலன்று மாமா சண்டை போட்டிருந்தார். "தறிக்குப் பின்னால வந்து உக்காந்து பீடி குட்சவன் அவன் ஒருத்தன்தான்" என்று சொல்லிக்கொண்டே மாமா வீட்டுக்குப் போய், தெருவில் எல்லோரும் பார்க்க அறைந்துவிட்டார். மாமா திருப்பி அடிக்கவில்லை. "எங்கக்கா மேல சத்தியமா நான் சொல்லல மாமா" என்று அழுதார். இனி இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா சாப்பிடுவதில்லை.

வாத்து பிடிப்பதே குற்றம் என்று ஜீப்பில் வந்தவர் சொன்னார். உங்களுக்கு அது முன்பே தெரியும். நான் வளையத்தைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் வளையத்துக்கு மட்டும் பதில் எழுதினீர்கள்.

நான்தான் எழுதினேன் என்று அப்பாவிடம் சொல்ல மூன்று முறை எழுந்து போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

ரேணுகாம்பாள்


பழவேற்காடு,
10.3.1997

ரேணுகாம்பாளுக்கு,

நீ எழுதியது அனைத்தும் சரி. வாத்து பிடிப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். அதை எழுதினால் நீ எண்களை அனுப்ப மாட்டாய் என்பதும் தெரியும்.

ஒவ்வொரு வளையத் தகவலுக்கும் ஒரு நகல் அந்த மாவட்டத்து வனத்துறைக்குப் போக வேண்டும் என்று எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்த விதியை எழுதியவன் நான்தான். பதினான்கு கடிதம் வந்த இடத்தில் அது எனக்கே மறந்துவிட்டது. எங்கள் அலுவலக எழுத்தருக்கு மறக்கவில்லை. நாற்பத்து மூன்று நகல் போயிருக்கிறது. நான் மறந்தது உண்மை. மறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் மாமா மேல் விழுந்த பழியை நான் எடுத்துக்கொள்கிறேன். தறியில் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

ஞானசந்திரன்


ஆரணி,
20.3.1997

சார்,

நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் எழுந்து அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வளையம் போட்டவரும் வனத்துறைக்குத் தெரிவித்தவரும் நீங்கள்தான் என்று சொன்னதும் அப்பா கேட்டாரே, "உன் வாத்தா சார் அதெல்லாம்? வளக்கறவன் கூண்டுல வெச்சி வளக்கணும். ஊர் பூரா அவுத்து வுட்டுட்டு ஜீப் அனுப்புவியா?" என்று, அதற்கு ஆதிலட்சுமி அம்மாகூட வாசலில் நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தறில கீறது உனுக்கு எப்டி தெரியும்?"

"பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டேன். அப்போது பார்த்தேன்" என்றீர்கள். அம்மா உடனே, "ஆமா, யாரோ தண்ணி கேட்டாங்க" என்று தலையாட்டினாள். யாரும் கேட்கவில்லை சார். அவளுக்குத் தம்பி திரும்பக் கிடைத்தால் போதும்.

ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்ததும் அவர் விடவில்லை. "வாயால சொன்னா தெரு நம்பாது சார். காட்டிக்குடுத்தவன்னு கொழந்தைங்ககூட சொல்லுது. எழுதிக் குடு." நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை மாமா தெரு முழுக்கக் காட்டினார். மறுநாள் அந்த ஜீப் ஆபீசுக்கும் கொண்டுபோய்ப் பதிவு பண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

நீங்கள் போன பிறகு அப்பா சொன்னார்: "பேஜார் பண்ணிட்டான் மனுசன். ஆனா மூஞ்சிக்கு நேரா வந்து நான்தான்னு சொன்னான் பாரு. அந்த மாதிரி ஆபீசர நான் பாத்ததில்ல." அன்று மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வேறொரு முதலாளி பாவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது.

நீங்கள் ஒரு முறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. நீங்கள் பொய் சொல்வதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இனி எழுத வேண்டாம் சார். பயமாக இருக்கிறது.

ரேணுகாம்பாள்


பழவேற்காடு,
14.2.1998

ரேணுகாம்பாளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஐந்து முறை கிழித்தேன்.

உன் மாமா பதிவு செய்த தாள் சுற்றிச் சுற்றி எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட்டது. கட்டுரையில் 'ஒருவர் கடிதம் மூலம் தெரிவித்தார்' என்று எழுதியிருக்கிறேன். தாளில் 'நானே கண்ணால் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டின்படி அந்தப் பொங்கல் வாரம் முழுதும் நான் பழவேற்காட்டில் இருந்தேன். மூன்று பேர் கொண்ட குழு விசாரித்தது. வளையங்கள் உண்மைதான், எந்த மாதம், எந்த ஏரி என்பதை எல்லாம் நிலையத்தைக் காப்பாற்ற நீங்களே உண்டாக்கியிருக்கிறீர்கள் என்றார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். இதைப் பொய்யாக எழுதியவன் மற்ற பதினோராயிரத்தையும் எப்படி எழுதியிருப்பான் என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

எங்கள் வீட்டில் ஐந்து விரதம் சொல்வார்கள். கொல்லாமை முதலாவது, பொய்யாமை இரண்டாவது. முதலாவதை இருபத்திரண்டு வயதில் உடைத்தேன். இரண்டாவதை ஐம்பத்தேழில்.

உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் காட்டினால் போதும். காட்டினால் உங்கள் வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்கிறேன். காட்டட்டுமா?

ஞானசந்திரன்


ஆரணி,
21.2.1998

சார்,

வேண்டாம்.

மாமா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. அப்பாதான் முன்னால் நின்று சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு போனார். அடித்த கைக்கு வளையல் போடச் சொல்லி மாமா கிண்டல் செய்தார், அப்பா கையை நீட்டினார். நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை. எனக்குப் பத்தாவது பரீட்சை வருகிறது.

நீங்கள் பெரியவர். ஏதாவது செய்துகொள்வீர்கள். தயவுசெய்து காட்டாதீர்கள்.

ரேணுகாம்பாள்


பழவேற்காடு,
2.3.1998

ரேணுகாம்பாளுக்கு,

சரி.

உன் கடிதங்களையும் எண்கள் எழுதிய தாளையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் என்றாவது ஒரு நாள் காட்டிவிடுவேன்.

நிலையம் இம்மாதத்தோடு மூடப்படுகிறது. நான் ஊருக்குப் போகிறேன். விலாசம் பின்பக்கம். பரீட்சையை நன்றாக எழுது.

ஞானசந்திரன்


ஆரணி,
23.1.2000

சார்,

இப்போது காலை பதினொரு மணி. அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் பிளஸ் டூ படிக்கிறேன்.

போன வாரம் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்ததாக அப்பா வந்து சொன்னார். அன்று முழுதும் நாடாவைத் தள்ளிக்கொண்டே உங்களைப் பற்றித்தான் பேசினார்.

"ஆள் எளச்சி பூட்டாரும்மா. இன்னா சார், வாத்து ஆராய்ச்சி இன்னா ஆச்சின்னு கேட்டேன். நான் பொய் எழுதிட்டேன்னு மூடிட்டாங்கன்னு சொல்றாரு. அந்த மனுசனா பொய் எழுதுவாரு? எவன் சொன்னான்? வலை போட்டவன் நான் கீறேன், வந்து சாட்சி சொல்றேன் வா சார்ன்னேன். வேணாம்ன்ட்டாரு. ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். வாங்கிக்கினாரு."

அறுந்த இழையை முடிந்துகொண்டே, "ஊருல கீறவன்லாம் பொய் சொல்லிகினு நல்லா கீறான், நெஜம் பேசனவன் டீக்கு கை நீட்டறான்" என்றார்.

என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "நான்தான்பா அவருக்கு எழுதினேன்" என்றேன். தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதங்களை அரிசிப் பானையின் அடியிலிருந்து எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

அப்பா தறியை நிறுத்திவிட்டார்.

"அப்ப அவரு சொன்னது பொய்யி."

"ஆமாம்பா."

"எனுக்கோசரமா?"

"எனக்காக."

"மூணு வருசம் இந்தத் தறில என் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்த."

அவர் அதை என்னிடம் கேட்டது போல் இல்லை. எழுந்து மாமா வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை அம்மாவிடம் மட்டும் கேட்டு வாங்கினார். கரை நாடா தள்ள ஆதிலட்சுமியின் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டார்.

இன்று காலையில்தான் வந்து, "பேப்பரும் பேனாவும் எடுத்தா" என்றார்.

எண்கள் இருந்த தாளை, வளையங்கள் கட்டியிருந்த வரிசையிலேயே நான் படிக்கப் படிக்க, எந்த வருடம், எந்த மாதம், எந்த ஏரி, எந்தக் கரை, என்ன வாத்து என்று அப்பா சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முப்பத்தொன்பதுக்கு நிச்சயமாகச் சொன்னார். நான்கு ஞாபகம் இல்லை என்றார். ஞாபகம் இல்லை என்றே எழுதியிருக்கிறேன். வலை போட்டது தணிகாசலம் ஆகிய நான் என்று மேலே எழுதச் சொன்னார். தெரிவித்தது என் மகள் ரேணுகாம்பாள், அந்த சார் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டதில்லை என்று கீழே எழுதச் சொன்னார். மாமாவைப் பற்றி ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "அத நான் அவங்கிட்ட மண்டி போட்டு கேட்டுட்டேன். பேப்பர்ல வாணாம்" என்றார்.

அந்தத் தாளையும் என் பழைய கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நிலையம் இல்லை, குழு இல்லை, இதை யாரிடம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் காட்டுங்கள். வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன்.

அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் தரவில்லை. நான் கையை நீட்டினேன். தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ரேணுகாம்பாள்